ஒரு கோப்பில் இரண்டு கடிதங்கள்

போன கிழமை சுகன்யா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி.

“மிஸ், பரீட்சைக்கு வராத பிள்ளையள் இனிமேல் கொம்பியூட்டரிலதான் காரணம் போட வேணும். சுகயீனம், குடும்பத்தில் மரணம், விபத்து. மூண்டே மூண்டுதான் கிடக்கு. இஞ்ச ஒரு நெடுந்தீவுப் பிள்ளை வந்து நிக்குது. படகு ஓடேல்லையாம். நான் எதை அமத்திறது? சுகயீனத்தை அமத்திப்போட்டு ஒரு மெடிக்கல் சேர்டிபிக்கேற் எடுத்துக்கொண்டு வரச் சொல்லட்டோ?”

ஓய்வூதியம் எடுக்கிற மனுசிக்கு இது தேவையா?

“ஒண்டையும் அமத்தாதையும்! முதல்ல அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லும்.”

“ஏன் மிஸ் இப்பிடிப் பதறுறீங்கள்?”

ஏன் பதறுகிறேன் என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

நான் தீவுப் பகுதியில், ஆனால் நகரத்துக்கு ரோட்டாலேயே போகக்கூடிய மண்கும்பானில் பிறந்தவள். வேலணையில் பதினைந்து வருடம் கணிதம் படிப்பித்தேன். பிறகு நகரத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் மாணவர் ஆலோசகர் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். தீவுப் பகுதிப் பிள்ளைகள் பலர் முதலாம் வருடம் வந்து சேர்வார்கள், இரண்டாம் வருடம் காணாமல் போவார்கள். அவர்களைப் பட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. அதற்காகக் கொழும்பில் இரண்டு கிழமை பயிற்சி தந்தார்கள். குளிரூட்டிய மண்டபம், நல்ல சாப்பாடு. மாணவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள், நடுவில் மேசை இருக்கக்கூடாது என்றார்கள். கடலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. இதை ஒளித்து எழுதினால் எங்கள் வீட்டில் இவர் வாசித்துவிட்டுச் சிரிப்பார். வானொலியில் வானிலை அறிக்கை போகும்போது யாரும் கதைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் பிள்ளைகளுக்காக அல்ல, அவர்கள் தரையில்தான் இருக்கிறார்கள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து வரும் என் மாணவர்களுக்காக.

முதல் வருடமே ஒரு பிழை விட்டேன். காரைநகரில் இருந்து நிரோசன் என்று ஒருவன் வந்தான். எட்டு மணி விரிவுரைக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்ததில்லை. அவனுடைய பத்திரத்தில் ‘அக்கறை போதாது’ என்று எழுதிவிட்டேன். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போய், விடிய அவன் ஏறுகிற பஸ்ஸிலேயே ஏறித் திரும்பி வந்தேன். வழி முழுக்க நின்று நின்றுதான் பஸ் வந்தது. ரவுணில், நகர பஸ் நிலையத்தில், இறங்கியபோது எட்டரை. அவன் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவன், என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். வெட்கப்பட வேண்டியவள் நான். அன்றே அந்த வரியை வெட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி போட்டேன். ஒவ்வொரு தீவுப் பிள்ளைக்கும் ஒரு பக்கம். எந்தப் படகுத் துறையில் ஏறுகிறார், முதல் படகு எத்தனை மணிக்கு, குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து எந்த பஸ், ரவுணில் தங்க ஒரு வீடு உண்டா, அந்த வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் என்ன. எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று, பரீட்சைக் கிழமையில் கடல் கடக்கக்கூடாது. கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, எதுவானாலும் சரி. முதல் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பே ரவுணுக்கு வந்துவிட வேண்டும், கடைசிப் பரீட்சை முடியும் வரை திரும்பக்கூடாது. பிள்ளைகள் என்னைக் ‘கடல் பொலிஸ்’ என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்!

இனிப் பேரின்பம் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரீட்சைப் பகுதிக்குப் பொறுப்பான உதவிப் பதிவாளர். யாராவது பரீட்சைக்கு வராவிட்டால், காரணத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் குழுவுக்குக் கோப்பை ஆயத்தப்படுத்துபவர் அவர்தான். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் வாசிப்பார். ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்துவார். முதலில் திகதி, பிறகு கையொப்பம், அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். தேத்தண்ணி பக்கத்தில் ஆறிப்போய்க் கிடக்கும். ‘ஏலாது’ என்று சொல்லமாட்டார். “பாப்பம், ரீச்சர்” என்பார். நான் படிப்பித்தவள் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் ‘பாப்பம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

நெடுந்தீவு ஜெசிந்தாவின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தகப்பன் கடற்றொழிலாளி. அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் அவள். வர்த்தகப் பட்டப்படிப்பு. மற்றப் பாடம் எல்லாம் நல்ல புள்ளி, புள்ளிவிபரவியல் மட்டும் சறுக்கியது. மூன்று தரம் எழுதி மூன்று தரமும் தவறிவிட்டது. நாலாவது தரம்தான் கடைசி. அதுவும் தவறினால், அல்லது தகுந்த காரணம் இல்லாமல் வராமல் விட்டால், பதிவு நீக்கம். பிறகு பட்டமும் இல்லை, படித்த வருடங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நானே பின்னேரங்களில் அவளை இருத்திக் கணக்குச் செய்வித்தேன். “இந்த முறை நான் எழுதுவன், மிஸ்” என்றாள். எழுதுவாள் என்று எனக்கும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்குப் போய்விட்டுப் பத்து நாளில் திரும்பி வந்தாள். வந்து பேசாமல் படித்தாள்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை என் அறைக்கு வந்தாள்.

“மிஸ், சனிக்கிழமை அப்பாவின்ர முப்பத்தொண்டாம் நாள், சேர்ச்சில பூசை. நான் வரேல்லை எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன். சும்மா உங்களுக்கும் சொல்லுவம் எண்டு வந்தனான்.”

“அம்மா என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை. போனை வைச்சிட்டா.”

அவள் போகட்டுமா என்று கேட்கவே இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளும் சுகன்யா. என் சட்டத்தை அவள் மீறவில்லை. அவள் அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அழாமல், படித்த பாடத்தை ஒப்புவிப்பதுபோல் சொல்லிவிட்டு நின்றாள். என் சட்டம் ஒரு பிள்ளையைத் தகப்பனின் பூசைக்குப் போகவிடாமல் இப்படி நிறுத்தி வைத்திருக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கடலில் உருவாகியிருந்த தாழமுக்கம் விலகிப் போகும், காற்று வராது என்றுதான் வானொலியில் சொன்னார்கள். என் வாயாலேயே சொன்னேன்.

“நீர் போட்டு வாரும். நாளைக்குப் போம். சனி காலமை பூசை முடிய, பின்னேரப் படகுக்கு ஏறி வந்திடும். விளங்குதோ? பின்னேரப் படகு!”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. ஓடியே போனாள்.

தாழமுக்கம் விலகவில்லை. சனி மத்தியானமே காற்று எழும்பிவிட்டது. பின்னேரப் படகு இல்லை. ஞாயிறும் இல்லை. நான் வானொலிப் பெட்டியை விட்டு எழும்பவில்லை. இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், அது பேரின்பம் சேரின் தேத்தண்ணிபோல் ஆறிக் கிடந்தது.

திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை மண்டப வாசலில் நின்றேன். அவளுடைய சுட்டெண் ஒட்டிய மேசை யன்னல் ஓரம் இருந்தது. வினாத்தாளை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். காற்றில் அது பறக்கப் பார்த்தது, மேற்பார்வையாளர் வந்து அழிறப்பரை எடுத்து மேலே வைத்தார். ஒன்பதரைக்குக் கதவைச் சாத்தினார்கள். அந்த நேரம்தான் போன் அடித்தது.

“மிஸ், விடிய அஞ்சு மணியில இருந்து துறையிலதான் நிக்கிறன். ஒருத்தரையும் ஏத்தினம் இல்லை. மீன்பிடி வள்ளத்திலயாவது விடுங்கோ எண்டு கேட்டன், அம்மா காலைக் கட்டிப் பிடிச்சிட்டா. எல்லாம் போட்டுது மிஸ்.”

“ஒண்டும் போகேல்லை. நான் பாக்கிறன்” என்றேன்.

‘படகு ஓடவில்லை’ என்பது எங்கள் விதிகளில் ஒரு காரணமே அல்ல. மெடிக்கல் மட்டும்தான் காரணம். எல்லோரும் எடுக்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டு, மத்தியானம் ஒரு வயதான டொக்டரிடம் போனேன்.

“பிள்ளை எங்க?” என்றார்.

“வீட்டில படுத்திருக்குது டொக்டர். எழும்பேலாமல் கிடக்கு.”

முப்பது வருட வேலையில் நான் அப்படித் துணிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் எழுதித் தந்தார். ‘மேற்படி நபரை இன்று நேரில் பரிசோதித்தேன். வயிற்றோட்டம். மூன்று நாள் ஓய்வு தேவை.’ திங்கட்கிழமைத் திகதி, நகரத்து முகவரி போட்ட முத்திரை.

புதன்கிழமை கடல் அடங்கியது. ஜெசிந்தா ஈரம் காயாத பையோடு நேரே என் அறைக்கு வந்தாள். விண்ணப்பம் கொடுக்க அன்று நாலு மணி கடைசி. வந்தபோது மூன்றரை. அவளாகவே யோசித்துக் கிராம சேவகரிடம், ஊரில் விதானையார் என்கிறவரிடம், ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தாள். ‘இவர் வெள்ளி முதல் புதன் காலை வரை நெடுந்தீவில் இருந்தார் என்பதையும், சனி பிற்பகல் முதல் செவ்வாய் வரை படகுச் சேவை இடம்பெறவில்லை என்பதையும் உறுதிப்படுத்துகிறேன்.’ அழகான எழுத்து.

எனக்கு ஒரு பழக்கம், கோப்பு மொத்தமாக இருக்க வேண்டும். ஒரு கடிதம் கேட்டால் இரண்டு கொடுப்பேன். சுகயீனம் என்று நான் அடையாளம் போட்டேன், அவள் வாசிக்காமலே கையொப்பம் வைத்தாள், மெடிக்கலை வைத்தேன், அதன்மேல் விதானையாரின் கடிதத்தையும் வைத்துக் குத்தி, ஓடிப்போய் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கொடுத்தேன். நிம்மதியாக வேறு மூச்சு விட்டேன்!

கணிதம் படிப்பித்தவளுக்கு அந்த இரண்டு கடதாசியையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் பேரின்பம் சேர் கூப்பிட்டார். அடிமட்டத்தை ஒரு திகதிக்குக் கீழே வைத்தார். பிறகு எடுத்து மற்றதற்குக் கீழே வைத்தார்.

“ரீச்சர், திங்கக்கிழமை இந்தப் பிள்ளை எங்க இருந்தது?”

நான் இரண்டு திகதியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“படகு ஓடேல்லை, பிள்ளை நெடுந்தீவில எண்டு விதானையார் சொல்லுறார். ரவுணில வைச்சு நேரில பாத்தனான் எண்டு டொக்டர் சொல்லுறார். பிள்ளை பறந்து வந்ததோ?” அவர் பகிடி விடவில்லை. “இது இப்பிடியே குழுவுக்குப் போனால் பொய் ஆவணம் எண்டு பிள்ளையை வெளியில போடுவினம். செவ்வாய்க்கிழமை கூடுவினம். அதுக்குள்ள ஒண்டைத் திருப்பி எடுங்கோ. எதை எண்டு நான் சொல்லமாட்டன்.”

மெடிக்கலை எடுத்தால் மிஞ்சுவது படகு. அதற்கு விதியில் இடமில்லை. விதானையாரின் கடிதத்தை எடுத்தால் மிஞ்சுவது பொய். ஆனால் செல்லுபடியாகிற பொய். நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, விதானையாரின் கடிதத்தை எடுத்துவிடுவோம் என்றேன். அப்போதுதான் அவள் மெடிக்கலை வாசித்தாள்.

“இது ஆர் மிஸ் வாங்கினது?”

“நான்தான்.”

“வயித்தோட்டமெண்டு ரவுணில கிடந்தனானோ? அப்ப அப்பாவின்ர பூசையில நிண்டது ஆர்?”

“பிள்ளை, இது கடதாசிக்குத்தானே...”

“ஊர் முழுக்கப் பாத்தது மிஸ். விதானையார் சேர்ச்சில எனக்குப் பின்வரிசை வாங்கிலதான் இருந்தவர். அவர் எழுதின உண்மையைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு நான் எந்த முகத்தோட அந்தத் துறையில இறங்கிறது?” மெடிக்கலை மடித்து என் கையில் வைத்தாள். “இதை நீங்கள் எடுங்கோ. போறது போகட்டும்.”

புது விண்ணப்பம் தன் கையால் எழுதினாள். அதில் ஒரு வரி, ‘எனது தந்தையின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு எனது சொந்த விருப்பத்தின் பேரில் சென்றேன்.’ நான் வாசித்தேன். சொந்த விருப்பமாம். என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு! ஆனாலும் உண்மை அதுதான்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரின்பம் சேர் கடைசி வரியில் இருந்து முதல் வரி வரை வாசித்தார். ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை.

“ஏலாது ரீச்சர்.”

அவர் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். பிறகு அலுமாரியைத் திறந்து பரீட்சை விதிப் புத்தகத்தை எடுத்தார். அதையும் பின்னால் இருந்துதான் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து என் பக்கம் திருப்பினார். ‘நிறுவன அலுவலர் ஒருவரின் பிழையான அறிவுறுத்தலினால் பரீட்சைக்குத் தோற்ற முடியாமற்போன மாணவருக்கு, அத்தரம் கணக்கில் கொள்ளப்படாது.’

“இந்தப் பிள்ளை இவ்வளவு வருசத்தில பரீட்சைக் கிழமையில ஒருக்காலும் கடல் கடந்ததில்லை. நீங்கள் முந்தி எனக்குக் காட்டின கொப்பியில பாத்தனான். இந்த முறை மட்டும் ஆர் போகச் சொன்னது?”

“யோசிச்சுச் சொல்லுறன் சேர்” என்றேன்.

என்ன யோசிக்கக் கிடந்தது? என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது மேலே போயிருந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம். பிழை செய்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் அது அங்கேயே நிற்கும். வெள்ளி போனது, சனி போனது. ஞாயிறு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். இவர் கேட்டார்.

“உமக்கு வேலை போகுமோ?”

“போகாது. உயர்வு போகும்.”

“அந்தப் பிள்ளைக்கு?”

“எல்லாம் போகும்.”

“பிறகேன் சோத்தைப் போட்டுக் குழப்புறீர்?”

திங்கட்கிழமை எழுதிக்கொண்டு போனேன். ‘வீடு சென்று வர நானே அனுமதி வழங்கினேன்’ என்று எழுதியிருந்தேன். அடிமட்டம் அந்த வரியில் நின்றது.

“அனுமதி எண்டால் காணாது ரீச்சர். பிழையான அறிவுறுத்தல் எண்டு வர வேணும். இல்லாட்டி விதி பொருந்தாது.”

அவருடைய மேசையிலேயே, அவருடைய பேனாவாலேயே திருப்பி எழுதினேன். ‘நான் வழங்கிய பிழையான அறிவுறுத்தலே இதற்குக் காரணம்.’ எழுதி முடிக்கும் வரை அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் குழு அறை வாசலில் நின்றேன். வெளியே வந்த பேரின்பம் சேர் என்னைத் தாண்டிப் போகும்போது, “ஏற்றுக்கொண்டினம்” என்று மட்டும் சொன்னார். நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

அடுத்த தரம் பரீட்சைக்கு நாலு நாள் முன்பே ஜெசிந்தாவை மண்கும்பானுக்குக் கூட்டிவந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். காற்றே இல்லாத காலம், கடல் குளம்போல் கிடந்தது, ஆனாலும் விடவில்லை. குசினியில் இருந்து கணக்குச் செய்தோம். குழுவின் தீர்மானக் கடிதம் அவளுக்கு எப்போதோ போயிருக்கும். அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பரீட்சை எழுதினாள். சித்தி. பெரிய புள்ளி இல்லை, ஆனால் சித்தி!

எனக்கு வர வேண்டிய உயர்வு வரவில்லை. அதே தரத்தில்தான் ஓய்வு பெற்றேன். அதற்காக நான் அழவில்லை, கொஞ்சம் மட்டும் அழுதேன்.

பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியோடு தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் முன்னதாகவே ரவுணுக்கு வந்துவிட்டார்களாம். தாய் என் இரண்டு கையையும் பிடித்தார்.

“அண்டைக்கு இவளைப் பூசைக்கு அனுப்பினது நீங்களாமே, மிஸ். இவள் வராமல் விட்டிருந்தால் நான் இவளோட பேந்து கதைச்சிருக்க மாட்டன். பட்டம் என்ன, எது எடுத்தாலும் கதைச்சிருக்க மாட்டன்.”

தாய் படம் எடுக்கிற இடத்துக்குப் போனதும் ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“மிஸ், குழு அனுப்பின கடிதத்தில நீங்கள் பிழையாச் சொல்லிப்போட்டனீங்கள் எண்டு இருக்கு. மெடிக்கல் பொய் எண்டு நாங்கள் எடுத்தம். இதுவும் பொய்தானே மிஸ்? நீங்கள் சொன்னது சரிதானே?”

“சரிதான்.”

“அப்ப அந்த வரியை மாத்தச் சொல்லேலாதோ?”

அவளுடைய அங்கியின் கழுத்து ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதை இழுத்து நேராக்கிவிட்டேன்.

“மாத்தினால் உம்மட பட்டம் நிக்காது பிள்ளை. போம், அம்மா படத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறா.”